யார் கூப்பிட்டது

தனக்கு நாலு பேர் முன்னால் பேச வரும் என்பது கிருஷ்ணவேணிக்குத் திண்டிவனம் போன பிறகுதான் தெரிந்தது. அதுவரை அவள் வடகரைப்பட்டு வெங்கடாசலத்தின் மகள். பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு மூன்று வருஷமாக வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையில் களையெடுப்பவர்களுக்குக் கூழ் தூக்கிக்கொண்டு போன பெண்.

எண்பத்தைந்தாம் வருஷத்தை இளைஞர் ஆண்டு என்று கொண்டாடினார்கள். அதையொட்டி வட்டார இளைஞர் வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று வந்தது. அதன் அமைப்பாளர் தாண்டவராயன் ஒரு பழைய மொபெட்டில் முகையூர்ப் பக்கத்துக் கிராமங்களையெல்லாம் சுற்றினார். ஊரிலிருந்து ஒரு பெண், காலனியிலிருந்து ஒரு பெண், பன்னிரண்டு நாள் திண்டிவனத்தில் பயிற்சி, திரும்பி வந்து சுகாதார மன்றம் ஆரம்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வெங்கடாசலம் முதலில் மறுத்தார். சர்டிபிகேட் கொடுப்பார்கள் என்றதும், வரன் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ, தலையாட்டினார்.

காலனியிலிருந்து வந்தவள் பூமாலை, சவுரியம்மாளின் மகள். வெங்கடாசலத்தின் கொல்லையில் அம்மாவோடு களையெடுத்தவள்தான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில், வேறு வேறு பெஞ்சில் படித்தவர்கள். பூமாலை இவர்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. கிருஷ்ணவேணிக்கு அவள் வீட்டுக்குப் போகும் தேவை வந்ததில்லை.

திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முப்பது பெண்கள். காலையில் உடற்பயிற்சி, அப்புறம் கேப்பைக் கஞ்சி, அப்புறம் வகுப்பு. ஒருவரை ஒருவர் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்பது மண்டபத்துச் சட்டம். கிருஷ்ணவேணிக்கு முதல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பசி வந்துவிட்டது. ஐந்தாம் நாள் தலைவலி என்று படுத்திருந்தவளுக்குப் பூமாலை தலை பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பாயும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

நர்ஸம்மா ஒருவர் வந்து வாந்திபேதிக்குத் தண்ணீர் கலக்கச் சொல்லித்தந்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் அரை லிட்டர், ஒரு கைப்பிடிச் சர்க்கரை, மூன்று விரலால் எடுத்த உப்பு. கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. "கொழந்தைக்கு பேதியாவுறப்ப தண்ணி குடுக்கக் கூடாதுன்னு உங்க ஊர்ல சொல்லுவாங்க. அப்படிச் சொல்லித்தான் பாதிக் கொழந்தைங்களச் சாவடிக்கிறோம்" என்றார் நர்ஸம்மா. பூமாலை கலக்கினால் அளவு பிசகாது. கிணற்றுக்கு எத்தனை சிமெண்டு உறை இறங்கியிருக்கிறது என்று கேட்டு, எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். மேடையில் ஏற்றினால்தான் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கிருஷ்ணவேணி பேசினால் கைதட்டினார்கள். கடைசி நாள் தாண்டவராயன் அவளைத் தலைவி என்றும் பூமாலையைச் செயலாளர் என்றும் எழுதிக்கொண்டார்.

விழுப்புரத்தில் இறங்கி முகையூர் பஸ் மாறினார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உருண்டை தின்றுகொண்டு வந்தார்கள். வடகரைப்பட்டு ஆட்கள் இரண்டு பேர் கண்டாச்சிபுரம் கூட்டு ரோட்டில் ஏறினார்கள். பூமாலை எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள். இறங்கும்போது, "நீங்க முன்னால போங்க, நான் அப்புறமா வர்றேன்" என்றாள். கிருஷ்ணவேணி முன்னால் போனாள்.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை பிடித்தது. ஏரி நிரம்பிக் கோடி போய், வழிந்த கோடித் தண்ணீர் ஊருக்குள் புரண்டு ஓடியது. முகையூர் சாலையில் தரைப்பாலம் முழுகிவிட்டது. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் டீ மாதிரி நிறம் மாறிக் கிடந்தது. காலனிக் கிணற்றிலும் அதே கதைதான். ஆனால் பூமாலை மழைக்கு முன்பே யூனியன் ஆபீஸில் இரண்டு நாள் காத்திருந்து ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்திருந்தாள். ஊருக்குள் புகுந்த தண்ணீர் வடிந்த அன்றைக்கே தன் அண்ணன் ராயப்பனைக் கயிறு கட்டி இறக்கி, அளவு பார்த்து, மருந்தைக் கரைத்து ஊற்றிவிட்டாள். மீதி அரை மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர் எல்லையில் இருந்த புளியமரத்தடியில் வந்து நின்று, கிருஷ்ணவேணிக்கு ஆள் விட்டாள்.

"உங்க கெணத்துக்கு இது போதும். இன்னைக்கே போட்டுடுங்க. நாளைக்குன்னு உடாதீங்க" என்றாள்.

கிருஷ்ணவேணி அப்பாவிடம் சொன்னாள். அவர் நாட்டாமை பாண்டுரங்கனிடம் சொன்னார். சாமிக்கு அபிஷேகத் தண்ணீர் எடுக்கிற கிணறு, அதில் மருந்து போட்டால் நாறும் என்றார் பாண்டுரங்கன். அதுவும் யார் தலையில் வந்த மூட்டை என்று கேட்டார். வெங்கடாசலம் திரும்பி வந்து, "அத மாட்டுக் கொட்டாயில வை. அப்புறம் பாப்போம்" என்றார். கிருஷ்ணவேணி வைத்தாள். மண்டபத்தில் பேசியதில் கால் பங்கு பேசியிருந்தால்கூட அப்பா இன்னொரு தடவை போய்க் கேட்டிருப்பார் என்று பின்னால் அவள் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

மூட்டையை வைத்த ஐந்தாம் நாள் ஊரில் வாந்திபேதி கண்டது. இரண்டு கிழவர்கள் போனார்கள். குயவர் வீட்டில் ஒரு கைக்குழந்தை போயிற்று. காலனியில் ஏழெட்டுப் பேருக்கு வந்து, ஒருவரும் சாகவில்லை. பூமாலை வீட்டுக்கு வீடு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிவைத்து, கூடவே உட்கார்ந்து குடிக்க வைத்தாள் என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சு ஊருக்குள் வந்தபோது வேறு மாதிரியாகத் திரும்பியிருந்தது. அவர்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அமுதாவுக்கு ஆரம்பித்தது. அமுதா கிருஷ்ணவேணியின் அண்ணன் சுப்பராயலுவின் மகள். இரண்டரை வயசு. அந்த வீட்டில் அத்தையின் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை. மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை போய்விட்டது. கிருஷ்ணவேணி அடுப்பில் தண்ணீர் வைத்து, ஆறவைத்து, சர்க்கரையும் உப்பும் போட்டுக் கலக்கினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. டம்ளரைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனபோது அம்மா வெள்ளையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போறதெல்லாம் கீழ போய்க்கினு கீது. இன்னும் ஊத்துறியே, புத்தி இருக்குதா உனுக்கு?"

"இல்லம்மா, உடம்புல தண்ணி வத்திடும். குடுக்கணும்னு சொன்னாங்க."

"எவ சொன்னா? அவ எத்தினி புள்ள பெத்தா? நான் ஆறு பெத்து நாலக் காப்பாத்தி வச்சிக்கினு கீறேன்."

அண்ணி அஞ்சலை தூணில் சாய்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மாமியாரையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெள்ளையம்மாள் டம்ளரை வாங்கி முற்றத்தில் கொட்டினாள். குழந்தை அந்த ஈரத்தையே பார்த்து, "தண்ணி, அத்த" என்றது. கிருஷ்ணவேணி எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். அங்கே நின்று அழுதாள். உள்ளே போய் இன்னொரு டம்ளர் கலக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் குழந்தையின் கண் இரண்டும் குழியில் இருந்தது. அழுதால் சத்தம் வந்ததே தவிர, கண்ணில் நீர் வரவில்லை. கிருஷ்ணவேணி அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தாள். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம் அது என்று அவளுக்குத் தெரியும். சுப்பராயலு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"காலனியில பூமாலைக்குத் தெரியும்ண்ணா. கூட்டிக்கினு வர்றேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். "போ, ஜல்தியா போ" என்றான்.

கிருஷ்ணவேணி வரப்பில் ஓடினாள். பூமாலை ஒரு கிழவிக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். இவள் சொல்லி முடிக்குமுன்பே எழுந்துவிட்டாள். சவுரியம்மாள் மட்டும் மகளின் முந்தானையைப் பிடித்தாள்.

"வேணாண்டி. நல்லதானாலும் நம்ம தலையில, கெட்டதானாலும் நம்ம தலையில."

"கூப்பிட வந்துகீறாங்களே, ம்மா" என்றாள் பூமாலை.

மாட்டுக் கொட்டகை வரைதான் உள்ளே விட்டார்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டை அங்கேயே பிரிக்காமல் கிடந்ததைப் பூமாலை பார்த்தாள். பார்த்துவிட்டு நடந்தாள். குழந்தையைக் கொட்டகைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் கேள்வி கேட்காமல் மடியில் வாங்கிக்கொண்டு, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட ஆரம்பித்தாள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. இரண்டு மணி நேரம் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கிருஷ்ணவேணி தண்ணீர் கலக்கிக்கொடுத்தாள். நடுவில் ஒரு தடவை குழந்தை கண் திறந்து அத்தையைப் பார்த்தது. அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இது பத்தாதுங்க" என்றாள் பூமாலை. "நேத்தே ஆரம்பிச்சிருந்தா போதும். இப்ப நரம்பு வழியா ஏத்தணும். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. வழியில புகட்டிக்கினே வர்றேன்."

"ஏரி இன்னும் கோடி போவுது, பாலம் முழுவித்தான் கீது. நாளைக்கு வடிஞ்சிரும்" என்றார் வெங்கடாசலம்.

"நாளைக்குத் தாங்காதுங்க."

சுப்பராயலு குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தான். பூமாலையும் கிருஷ்ணவேணியும் கூடவே ஓடினார்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் மார்பளவு சுழித்துக்கொண்டு போனது. சுப்பராயலு இறங்கினான். நாலு எட்டு வைத்ததும் கால் இழுத்தது. குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்துக்கொண்டு திரும்பிவந்தான். எதிர்க்கரையில் நின்றவர்களிடம் கயிறு கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்கள். கயிறு வந்தபோது மணி நாலு இருக்கும். அதற்குள் பூமாலை ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். வாயில் ஊற்றின தண்ணீர் கடைவாயில் வழிந்து அவள் புடவையை நனைத்துக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் குழந்தையை இறக்கியதும் வெள்ளையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "அவ கையால குடிச்சதும் போச்சே என் தங்கம்" என்பதுதான். அது துக்கத்தில் வந்த வார்த்தை. ஆனால் வாசலில் முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஊர்க் கூட்டம் போட்டார்கள். காலனியில் ஒரு சாவு இல்லை, ஊரில் இன்னும் இரண்டு பேர் போய் ஆறு சாவு. அந்தப் பெண் கிணற்றில் என்ன போட்டாள், குழந்தைக்கு என்ன கொடுத்தாள் என்று பாண்டுரங்கன் கேட்டார். பூமாலையும் சவுரியம்மாளும் ராயப்பனும் மாரியம்மன் கோயிலுக்கு வெளியே, வெயிலில் நின்றார்கள். பூமாலை உப்பும் சர்க்கரையும் என்றாள். சத்தம் பலமாக இல்லை. பின்னால் நின்றவர்கள் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இன்னொரு தடவை சொன்னாள்.

"சரி. ஊட்டுக்குள்ள நீயா வந்தியா, யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

பூமாலை, பெண்கள் பக்கம் நின்றிருந்த கிருஷ்ணவேணியைப் பார்த்தாள்.

கிருஷ்ணவேணிக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் தெளிவாக இருந்தது. நான்தான் கூப்பிட்டேன், அண்ணன் சம்மதித்தான், வெள்ளிக்கிழமை பூராவும் குழந்தையைத் தாகத்தில் போட்டது நாங்கள். இவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் அம்மா நின்றாள். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல், தலை விரிந்து, இவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதைச் சொன்னால் பேத்தியைக் கொன்றவள் இவள் என்று அம்மாவை ஊர் முன்னால் நிறுத்தினது மாதிரி ஆகும். அந்தப் பக்கம் சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் சொல்லட்டும் என்று கிருஷ்ணவேணி காத்திருந்தாள். அவள் சொல்லட்டும் என்று அவனும் காத்திருந்திருக்கலாம்.

"தானாத்தான் வந்துச்சு" என்றார் வெங்கடாசலம்.

கிருஷ்ணவேணி வாய் திறக்கவில்லை. பூமாலை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

சவுரியம்மாள் அத்தனை பேர் முன்னால் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். அவர்கள் குடும்பத்துக்கு யாரும் வேலை கொடுக்கக் கூடாது, மன்றம் கின்றம் என்று காலனியில் எதுவும் நடக்கக் கூடாது என்று தீர்ப்பானது. அன்று சாயங்காலம் நாலைந்து இளவட்டங்கள் போய், காலனியில் பூமாலை சுகாதார மன்றத்துக்குப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையைப் பிரித்து, முதலுதவிப் பெட்டியை ஏரியில் எறிந்தார்கள். தடுக்கப்போன ராயப்பனுக்குக் கை முறிந்தது. காலனிக்காரர்களும் அறுப்பு நேரத்தில் வேலை போய்விடுமே என்று பயந்து, கொஞ்ச நாள் எங்கேயாவது போய் இருங்கள் என்றார்கள். வாரம் முடிவதற்குள் மூன்று பேரும் போய்விட்டார்கள்.

பதினைந்து நாள் கழித்து ஜீப்பில் சுகாதாரக்காரர்கள் வந்தார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஊர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கலக்கினார். பாண்டுரங்கன் அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். சாமிக் கிணறு என்று யாரும் சொல்லவில்லை. நோய் நின்றது.

தை மாசம் தாண்டவராயன் வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வருஷ அறிக்கை அனுப்ப வேண்டும், தலைவி கையெழுத்து மட்டும் போதும் என்றார். "பெரிய பேஜாரும்மா. மேல கேட்டா திட்டத்தையே நிறுத்திடுவாங்க. வேற ஊர்ப் பொண்ணுங்களும் இருக்குதுங்க இல்ல." அவர் கெட்ட மனிதர் இல்லை. கையெழுத்து வாங்கும்போது அவருக்கும் முகம் சரியாக இல்லை. 'செயலாளர் சொந்தக் காரணத்தால் விலகினார்' என்ற வரிக்குக் கீழே கிருஷ்ணவேணி கையெழுத்துப் போட்டாள்.

அஞ்சலை அவ்வளவு நாளாக யாரிடமும் பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள், மூன்று மாசம். தாண்டவராயன் போன மறுநாள், இரண்டு பேரும் களத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு குடுத்த தண்ணியாலயா போச்சு எம் பொண்ணு?"

"இல்ல அண்ணி."

"பின்ன?"

கிருஷ்ணவேணி கையிலிருந்த செடியைக் கீழே வைத்தாள். "மொத நாள் நாம குடுக்காததால."

அஞ்சலை ஆய்வதை நிறுத்தவில்லை. காய்கள் ஒவ்வொன்றாகக் கூடையில் விழுந்தன. "உனுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அத்தைக்குத் தெரியாது. எனுக்குத் தெரியாது. உனுக்குத் தெரியும்." அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணி கேட்டுச்சே. உன்னத்தான் கேட்டுச்சு."

மறுநாள் காலை அவள் தன் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள். பிரசவம் முடிகிறவரை வரமாட்டேன் என்றாள். வெள்ளையம்மாள் ஏன் என்று கேட்டபோது, "இங்க வளக்க பயமா கீது" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே கிருஷ்ணவேணி அப்பாவிடமும் அம்மாவிடமும் அண்ணனிடமும், முதல் நாள் தண்ணீர் கொடுக்காததால்தான் குழந்தை போயிற்று என்று சொன்னாள். நான்தான் கூப்பிட்டேன் என்று நாட்டாமை வீட்டு வாசலில் போய்ச் சொன்னாள். பாண்டுரங்கன் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தெரியும் போம்மா" என்றார். அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. வெள்ளையம்மாள் மட்டும் அதற்குப் பிறகு யாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுப்பதை விட்டுவிட்டாள். வெங்கடாசலம் அவசரமாக மாப்பிள்ளை தேடினார். இரும்பை என்ற ஊர்ப் பக்கம் ஒரு வரன் அமைந்தது. வைகாசியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

பங்குனியில், புடவை எடுக்க விழுப்புரம் போவதாகச் சொல்லிவிட்டு, கிருஷ்ணவேணி திண்டிவனம் பஸ் ஏறினாள். மல்லாட்டை உடைக்கிற மில்லில் பூமாலை இருப்பதாகக் காலனியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். மில்லுக்கு வெளியிலேயே தூசி புகை மாதிரி நின்றது. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் மூக்கிலும் வாயிலும் ஈரத் துணி கட்டியிருந்தது. பூமாலை வெளியே வந்து தன் துணியை அவிழ்த்தாள். இளைத்திருந்தாள். இருமினாள்.

"துணி நான் கட்டச் சொன்னது" என்றாள், இவள் பார்ப்பதைப் பார்த்து. "மேஸ்திரி வேணாம்னாரு. வேல மெதுவா ஆவுதாம். இருபது பேரும் வேல செய்ய மாட்டோம்னு உக்காந்துட்டோம். அப்புறம் சரின்னுட்டாரு. எனுக்குத்தான் முன்னாடியே தூசி நெஞ்சுல எறங்கிடுச்சி."

கிருஷ்ணவேணி வீட்டுக்குத் தெரியாமல் வந்ததைச் சொன்னாள். நாட்டாமையிடம் சொல்லிவிட்டதையும், அண்ணி மறுபடி முழுகாமல் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பதையும் சொன்னாள். திரும்பி வரலாம், தான் அப்பாவிடம் பேசுவதாகச் சொன்னாள். பூமாலை கடைசிவரை கேட்டாள்.

"ராயப்பனுக்குக் கை கோணலா ஒட்டிக்கிச்சி. மூட்ட தூக்க முடியாது" என்றாள். "எங்கம்மா வடகரைப்பட்டுன்னு பேரச் சொன்னாலே எழுந்து உள்ள போயிடுது. அங்க வந்து நான் இன்னா பண்றது?"

"என்ன மன்னிச்சிடுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"தெரியுதுங்க."

இரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள். வெயில் காலில் சுட்டது.

"உங்க அண்ணிக்கு எப்ப?"

"ஆடியில."

"பொறக்கறதுக்கு எல்லா ஊசியும் போடச் சொல்லுங்க. தாய்ப்பால நிறுத்தக் கூடாது, பேதியானாலும் நிறுத்தக் கூடாது. நீங்களே போய்ச் சொல்லுங்க. லெட்டர் வேணாம்." உள்ளே மணி அடித்தது. பூமாலை துணியைத் தொட்டியில் நனைத்துப் பிழிந்து மூக்கில் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தூசிக்குள் போனாள்.

கிருஷ்ணவேணி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். புடவை எடுக்கவில்லை என்றால் வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும் என்று அஞ்சலையின் ஊருக்குப் போகிற பஸ் எது என்று விசாரித்தாள். அது மூன்று மணிக்குத்தான் என்றார்கள். அவள் உட்காராமல் காத்திருந்தாள்.